தூக்குவதா, நிரப்புவதா? மார்பக லிஃப்ட், இம்ப்ளான்ட் குறித்த ஒரு கேள்விக்குப் பதில்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 36. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்து முடித்தாயிற்று. மூன்றாவது வேண்டாம் என்பது உறுதி. பிரசவத்தில் ஏறிய எடை இறங்கி, ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கிறது. மார்பகத்தின் மேல்பகுதி காலியாகி, கீழே சரிந்து, காம்பு தரையைப் பார்க்கிறது. ஒரு டாக்டர், “300 சிசி (அதாவது 300 மில்லி) இம்ப்ளான்ட் வைத்தால் தானாகத் தூக்கிக்கொள்ளும், தழும்பும் மடிப்புக்குள் மறைந்துவிடும்” என்கிறார். இன்னொருவர், “லிஃப்ட்தான் செய்யவேண்டும், நங்கூர வடிவத்தில் தழும்பு இருக்கும்” என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, எது பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை மறுபடி படித்தால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: பெரிய தழும்பு இல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா? அதற்கு நேராகவே சொல்கிறேன். நீங்கள் விவரித்திருக்கும் நிலை உண்மையென்றால், இம்ப்ளான்ட் மட்டும் வைத்து அந்தத் தழும்பிலிருந்து தப்பிப்பது பெரும்பாலும் நடக்காது. சில வருடங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நான் பிளாஸ்டிக் சர்ஜன். அரசு மருத்துவமனையில் பயிற்சி, பிறகு தனியாரில் வேலை. என் நாட்களில் பெரும்பகுதி தீக்காயம், விபத்து, புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்பு என்றுதான் போகிறது; இந்த வகை அறுவைகளும் தொடர்ந்து செய்கிறேன். உங்களைப் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். தோலைக் கிள்ளிப் பார்க்காமல், அளவு எடுக்காமல் யாரும் உங்களுக்கு இதுதான் என்று முடிவு சொல்லக் கூடாது. முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இந்த இரண்டு அறுவைகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. லிஃப்ட் என்பது இடத்தை மாற்றுவது: உபரித் தோலை எடுத்து, உள்ளே இருக்கும் திசுவைத் திரட்டி, காம்பை மேலே கொண்டுபோய் வைக்கிறோம். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இம்ப்ளான்ட் என்பது சிலிகான் பையை உள்ளே வைத்துக் கன அளவைக் கூட்டுவது. தலையணையில் பஞ்சு குறைந்திருக்கிறதா, உறை பெரிதாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல, உங்களுக்குக் குறைந்திருப்பது உள்ளடக்கமா, கூடியிருப்பது தோலா, அல்லது இரண்டுமா என்பதுதான் முதலில் தெரியவேண்டும். இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது அதிகம் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி முன் நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மார்பகம் நெஞ்சோடு சேரும் அடி மடிப்பில் ஒரு விரலைக் கிடையாக வையுங்கள். பக்கவாட்டில் திரும்பி, காம்பு அந்த விரலுக்கு மேலே இருக்கிறதா, நேராகவா, கீழேயா என்று பாருங்கள். 1976-இல் ரெனோ என்ற பெண் சர்ஜன் வகுத்த நிலைகளைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். காம்பு மடிப்புக்கு நேராக இருந்தால் முதல் நிலைத் தொய்வு. மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தாலும் மார்பகத்தின் அடிவிளிம்புக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. அடிவிளிம்பிலேயே நின்று தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. காம்பு மடிப்புக்கு மேலேயே இருந்து திசு மட்டும் கீழே சரிந்திருப்பதும் உண்டு. அதைப் பொய்த் தொய்வு என்போம். கண்ணாடியில் பார்ப்பதற்கும் டாக்டர் டேப் வைத்துக் கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை அளப்பதற்கும் வித்தியாசம் வரலாம். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் நிலையாகத் தெரியவில்லை.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது, நான் எல்லோரிடமும் கேட்பது. பஞ்சு வைத்துத் தடிப்பாக்காத, உங்கள் அளவுக்குச் சரியான ஒரு பிராவைப் போட்டு, மேலே ஜாக்கெட்டோ சுடிதாரோ போட்டுக்கொண்டு நில்லுங்கள். அந்தத் தோற்றம் போதும் என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது லிஃப்ட் மட்டும்தான். பிரா செய்யும் வேலையை லிஃப்ட் செய்துவிடும். பிரா போட்ட பிறகும் ‘இன்னும் கொஞ்சம் நிறைவாக இருந்தால் தேவலை’ என்று தோன்றினால், அங்கேதான் இம்ப்ளான்ட் பற்றிப் பேச்சு வருகிறது. அளவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 300 மில்லி அரிசியை அளந்து மெல்லிய பையில் கட்டி, பிராவுக்குள் இரண்டு பக்கமும் வைத்து ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்து பாருங்கள். மாடிப்படி ஏறுங்கள், குனிந்து பெருக்குங்கள். பலர் மறுநாளே அளவைக் குறைத்துச் சொல்வார்கள்.

இம்ப்ளான்ட் தானாகத் தூக்கிக்கொடுக்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காம்பு மடிப்புக்கு நேராகவோ மிகக் கொஞ்சமே கீழாகவோ இருந்து, தோலிலும் இன்னும் இறுக்கம் இருந்தால், உள்ளே அளவு கூடும்போது தளர்ந்த தோல் நிரம்பி, காம்பு சற்று முன்பக்கம் திரும்பும். பார்ப்பதற்குத் தூக்கியதுபோலத்தான் தெரியும். முதல் டாக்டர் உங்களைப் பரிசோதித்து, அந்த வகை என்று கணித்திருந்தால் அவர் சொன்னது தவறில்லை. ஆனால் காம்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்ட பிறகு இம்ப்ளான்ட் அதை மேலே கொண்டுபோவதில்லை. தசைக்கு அடியில் வைத்தால் இம்ப்ளான்ட் மேலேயே நின்றுவிடும். உங்கள் சொந்தத் திசு அதன் மேலிருந்து வழிந்து தொங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடு தெரியும். இதைத் தவிர்க்கத் தசைக்கு மேலே பெரிய அளவாக வைத்தால், பக்கத்துக்குச் சுமார் 300 கிராம் எடை, ஏற்கெனவே இழுபட்டு மெலிந்த தோலின் மேல் உட்காரும். முதல் வருடம் நன்றாக இருக்கும். அப்புறம் அதுவே தோலை இன்னும் இழுத்துக் கீழே கொண்டுவரும். கடைசியில் லிஃப்ட் செய்யத்தான் வேண்டும், அதுவும் மெலிந்த திசுவில், கூடுதல் ஆபத்தோடு. தழும்புக்குப் பயந்து இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு, சில வருடம் கழித்து இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லிஃப்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தழும்பைப் பற்றிய பயம் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். அறுவையின் மிக முக்கியமான பகுதி தியேட்டருக்கு வெளியே, நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போது நடக்கிறது. படுத்துவிட்டால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து எல்லா அளவும் பொய்யாகிவிடும். அதனால் காலையில் நிற்கவைத்து, மார்க்கர் பேனாவால் கழுத்துக் குழியிலிருந்து நடுக்கோடு, இரண்டு பக்கத்து மடிப்பு, காம்பு போய்ச் சேரவேண்டிய புதிய இடம், எடுக்கவேண்டிய தோல் எல்லாவற்றையும் வரைகிறோம். 1956-இல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சர்ஜன் கொண்டுவந்த அளவு முறை பிரா தைக்கும் வெட்டு அச்சிலிருந்தே பிறந்தது; இன்றும் நங்கூரத் தழும்பு வகைக்கு அடிப்படை அதுதான். மயக்கம் கொடுத்து, தோலை எடுத்து, திசுவைத் திரட்டிய பிறகு, தற்காலிகமாக ஸ்டேப்ளர் பின் அடித்து, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி உங்களை ஏறத்தாழ உட்காரவைத்துவிடுவோம். நான் கால்மாட்டில் போய் நின்று, இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்த்து, பின்னைக் கழற்றித் திருத்தி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் தையல். காம்பைப் பிய்த்து எடுத்து மேலே ஒட்டுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வழக்கமான லிஃப்டில் காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் ரத்தக் குழாய், நரம்பு, பால் சுரப்பித் திசுவோடு சேர்ந்தே மேலே நகர்கின்றன. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சி திரும்புகிறது. சிலருக்கு மரத்துப்போவது மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவும் நின்றுவிடும்.

சரி, தழும்பு. மூன்று வகை. கருவட்டத்தைச் சுற்றி மட்டும்; அதோடு கீழே இறங்கும் ஒரு செங்குத்துக் கோடு; அவை இரண்டோடு மடிப்பை ஒட்டிக் கிடைக்கோடு, இதுதான் நங்கூரம். வட்டம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். கொஞ்சம் தொய்வுக்குத்தான் அது சரி. அதிகத் தோலை அந்தச் சிறு வட்டத்திலேயே சுருக்கித் தைத்தால் கருவட்டம் நாளாக ஆக விரியும், மார்பகம் முன்பக்கம் தட்டையாகும். தழும்பைக் குறைக்க வடிவத்தைக் கெடுத்துக்கொள்வது நல்ல பேரம் இல்லை. இரண்டாம், மூன்றாம் நிலைக்குச் செங்குத்துக் கோடோ நங்கூரமோதான் பொருந்தும். இரண்டில் எது என்பது தோலின் நீளத்தைப் பொறுத்தது.

நம் நிறத் தோலுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். இணையத்தில் காட்டும் படங்களில் பாதி வெள்ளைத் தோல்; அங்கே ஒரு வருடத்தில் தழும்பு வெளிறி, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். நமக்குத் தழும்பு முதலில் கருத்து, தடித்து, அரித்து, ஒரு வருடம் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டு அடங்கும். சிலருக்கு அடங்காமல் கீலாய்டாக வளரும். உங்கள் சிசேரியன் தழும்பையோ, காது குத்திய இடத்தையோ, தோளில் தடுப்பூசி போட்ட தழும்பையோ பாருங்கள். தடித்து, எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். அது முடிவையே மாற்றக்கூடும். நெஞ்சின் நடுப்பகுதி கீலாய்டு வரும் இடம் என்பதால், மடிப்புத் தழும்பின் உள்முனையை நடுவுக்கு இழுக்காமல் நிறுத்துவதில் கவனமாக இருப்போம். காயம் ஆறியதும் மைக்ரோபோர் டேப், சிலிகான் ஷீட் போன்றவை மாதக்கணக்கில் தேவைப்படும். அதிலும் யாருக்கு எப்படி ஆறும் என்று முன்கூட்டியே உத்தரவாதம் தர எந்த டாக்டராலும் முடியாது.

லிஃப்ட் செய்யாத வேலையையும் சொல்லவேண்டும். மேல்பகுதி நிறைவு, அதாவது கழுத்து இறங்கிய ஜாக்கெட்டில் தெரியும் அந்த எடுப்பு, லிஃப்டால் நிலைத்து நிற்காது. அறுவை முடிந்த முதல் சில வாரம் மேலே தூக்கலாகத் தெரியும். அது வீக்கமும் தையலும் சேர்ந்து காட்டுவது. மாதங்களில் கீழே இறங்கிவிடும். காம்பு மேலேயே நிற்கும், மேல்பகுதி பழையபடி சரிவாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் ஆறாவது மாதத்தில் ஏமாற்றம்தான். அளவிலும் சிறிது குறைந்ததுபோலத் தெரியும். அப்புறம், வயதும் ஈர்ப்பு விசையும் நிற்பதில்லை. லிஃப்டும் காலப்போக்கில் தளரும், ஆனால் பழைய நிலைக்கே திரும்பிவிடுவது அபூர்வம். எடை ஏறி இறங்கினால் சீக்கிரம் தளரும். நீங்கள் எடையை நிலைநிறுத்தியிருப்பது இந்த விஷயத்தில் பெரிய பலம்.

இம்ப்ளான்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: அது ஆயுள் முழுக்க இருப்பதற்கான பொருள் அல்ல. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு குரோனின், ஜெரோ என்ற இரண்டு சர்ஜன்கள் முதல் சிலிகான் இம்ப்ளான்டை வைத்தார்கள். அவர் மருத்துவமனைக்குப் போனது பச்சை குத்தியதை அழிக்கத்தான் என்பது வேடிக்கை. அதன் பிறகு இத்தனை தலைமுறை மாற்றங்கள் வந்தும், உடம்பு அதை அன்னியப் பொருளாகத்தான் பார்க்கிறது. சுற்றி ஒரு சவ்வு கட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது மெல்லியதாகவே இருக்கும். சிலருக்கு இறுகி, மார்பகம் கெட்டியாகி, வடிவம் மாறி, வலிக்கும். அப்போது மறுபடி அறுவை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு நிர்வாகமான எஃப்டிஏ சொல்லும் கணக்குப்படி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 20 சதவீதம் வரை 8 முதல் 10 வருடங்களுக்குள் அதை எடுக்க நேர்கிறது. சிலிகான் ஜெல் கசிந்தால் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் வைத்த 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று அதே நிர்வாகம் சொல்கிறது. அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்கலாம். 36 வயதில் வைத்துக்கொண்டால் உங்கள் ஆயுளில் குறைந்தது ஒரு முறையாவது மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடச் சொல்வேன். முதல் அறுவையின் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு எது மலிவு என்று பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அழகு நோக்கிலான அறுவைக்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது, மேலே ஜிஎஸ்டியும் உண்டு. மறு அறுவைக்கும் அதே கதைதான்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். உறுதியாகத் தெரிந்தவை சில. பிரான்சின் பிஐபி என்ற கம்பெனி தொழிற்சாலை வேலைக்கான மலிவு சிலிகானை இம்ப்ளான்டில் நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்கள் மாட்டிக்கொண்டார்கள், நிறுவனர் 2013-இல் தண்டிக்கப்பட்டார். ஐரோப்பிய தரச் சான்று வாங்கிய பொருள்தான் அது. அதனால் எந்தக் கம்பெனி, எந்த மாடல், என்ன வரிசை எண் என்று அச்சிட்ட அட்டையை அறுவை முடிந்த அன்றே கேட்டு வாங்கி, ஆதார் அட்டை வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, சொரசொரப்பான மேற்புறம் கொண்ட இம்ப்ளான்ட்களோடு தொடர்புள்ள ஒரு அபூர்வமான நிணநீர்ப் புற்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அல்ல அது. சுற்றியுள்ள சவ்வில் வருவது. 2019-இல் அலர்கன் கம்பெனி அந்த வகை இம்ப்ளான்ட்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது அதனால்தான். வைத்துப் பல வருடம் கழித்துத் திடீரென ஒரு பக்கம் வீங்கினால், அடிபட்டதாக இருக்கும் என்று விடாமல் உடனே காட்டவேண்டும். ஆரம்பத்திலேயே இம்ப்ளான்டையும் சவ்வையும் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். உங்களுக்கு வைப்பதாக இருந்தால் வழுவழுப்பான வகையா என்று கேளுங்கள். 2021-இல் இருந்து அமெரிக்காவில், இந்த ஆபத்துகளின் பட்டியலைப் பெண்ணிடம் கொடுத்து, வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட வாய்ப்புத் தராத டாக்டருக்கு இம்ப்ளான்ட் விற்கக் கூடாது. நம் ஊரிலும் அந்தப் பட்டியலைக் கேட்டுப் படிப்பதில் தடையில்லை.

சந்தேகத்தில் இருப்பது இன்னொன்று. இம்ப்ளான்ட் வைத்த பிறகு சோர்வு, மூட்டு வலி, மறதி, தோல் தடிப்பு என்று சொல்லும் பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இதை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, மருத்துவப் புத்தகத்தில் தனி நோயாக இன்னும் இடம்பெறவில்லை. 1999-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு, சிலிகானுக்கும் உடல் முழுக்கப் பரவும் நோய்களுக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை என்றது. ஆனால் இம்ப்ளான்டை எடுத்ததும் பலருக்குத் தொந்தரவு குறைவதையும் பார்க்கிறோம். காரணம் என்ன என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம், ‘சிலிகான் விஷம்’ என்று வீடியோ போடுகிறவரையும் நம்ப வேண்டாம். குடும்பத்தில் முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள். நான் அப்படிப்பட்டவர்களிடம் இம்ப்ளான்டைத் தவிர்க்கலாம் என்றே சாய்வேன். அது என் தனிப்பட்ட எச்சரிக்கை, விதி அல்ல.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், செய்கிறோம். ஆனால் லிஃப்ட் தோலை இறுக்குகிறது, இம்ப்ளான்ட் அதே தோலைத் தள்ளுகிறது. தையல் பிரியும், காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும் வாய்ப்பு, தனித்தனியாகச் செய்வதைவிடக் கூடுதல். திருத்த அறுவைக்கு வருபவர்களும் இதில்தான் அதிகம். நல்ல தோல், மிதமான தொய்வு, சிறிய இம்ப்ளான்ட் என்றால் அனுபவமுள்ள சர்ஜன் ஒரே அமர்வில் முடிப்பார். உங்களைப் போன்ற நிலையில் நான் பரிந்துரைப்பது: முதலில் லிஃப்ட் மட்டும். ஆறு மாதம் காத்திருங்கள். வீக்கம் வடிந்து, வடிவம் நிலைத்து, கண்ணாடியில் பழகிய பிறகும் மேல்பகுதி காலியாக இருப்பது உறுத்தினால், அப்போது சிறிய இம்ப்ளான்டோ, உங்கள் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து நிரப்புவதோ செய்யலாம். கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அன்னியப் பொருள் இல்லை. இப்படி இரண்டு கட்டமாகப் போகிறவர்களில் கணிசமானவர்கள் இரண்டாவது கட்டத்துக்கு வருவதே இல்லை, இதுவே போதும் என்கிறார்கள். முதலில் இம்ப்ளான்ட் வைத்துவிட்டால் இந்தத் தேர்வு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

பால் கொடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்தப் பழியைத் தாய்ப்பால் மேல் போடாதீர்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பிரையன் ரிங்கர் என்ற சர்ஜன், இதே குறையோடு வந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், தொய்வுக்குக் காரணமாக வந்தவை வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, கர்ப்பத்துக்கு முன்பே இருந்த பெரிய அளவு, புகைபிடித்தல். பால் கொடுத்தது தனிக் காரணமாக வரவில்லை. அதேபோல எண்ணெய், கிரீம், கம்பெனிகள் விற்கும் பெல்ட் எதுவும் இறங்கியதை ஏற்றாது. மார்பகத்துக்குள் தசை கிடையாது. தண்டால் எடுத்தால் அடியிலிருக்கும் நெஞ்சுத் தசை வலுவாகும், நல்லதுதான், காம்பு மேலே வராது.

அறுவைக்கு முன் செய்யவேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மார்பகப் பரிசோதனையும், வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்ப அல்ட்ராசவுண்டோ மம்மோகிராமோ, அறுவைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். லிஃப்டுக்குப் பிறகு உள்ளே சில தழும்புக் கட்டிகள், சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியலாம். இம்ப்ளான்ட் இருந்தால் திசுவின் ஒரு பகுதி மறைந்து, கூடுதல் கோணத்தில் படம் எடுக்க வேண்டிவரும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லையென்றால் ரேடியாலஜிஸ்ட் திணறுவார், நீங்கள் தேவையில்லாமல் ஊசி பயாப்ஸிக்குப் போவீர்கள். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்று இருந்ததென்றால் அந்த விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், அழகு பிறகு.

டாக்டரைப் பொறுத்தவரை, பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டிஎன்பி (புதியவர்களுக்கு டிஆர்என்பி) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காஸ்மெட்டிக் நிபுணர்’ என்ற பலகை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வது. மயக்க மருத்துவர் யார், அவசரம் என்றால் பக்கத்தில் ஐசியூ இருக்கிறதா என்று கேளுங்கள். நம் நிறத் தோலில் அவர் செய்த லிஃப்ட், ஒரு வருடம் கழித்து எடுத்த படம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது வாரப் படத்தை எல்லோரும் வைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் ஆசைப்படலாமா என்ற குற்ற உணர்ச்சியும் உங்கள் எழுத்தில் தெரிந்தது. 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைக்கு இலவசப் பிரிவு தொடங்கியபோது, அரசுப் பணத்தில் இதுவா என்று சர்ச்சை எழுந்தது. தோள் வலி, மடிப்பில் ஓயாத படை, கணவன் முன்னால்கூட உடை மாற்றக் கூசுவது என்று வரும் பெண்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தச் சர்ச்சை புரியவில்லை. அதேசமயம் ஒன்றுமே செய்யாமல், நல்ல பிராவோடு இருந்துவிடுவதும் முழுமையான முடிவுதான். இது உயிர் காக்கும் அறுவை அல்ல, தள்ளிப்போட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. கணவர் சொல்கிறார் என்பது மட்டும்தான் காரணமென்றால் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்: மாமியாருக்குத் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா? கூட்டுக் குடும்பத்தில் கஷ்டம். லிஃப்டுக்கு ஒரு இரவு மருத்துவமனை. முதல் வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கத் தயங்குவீர்கள், துணி காயப்போட முடியாது, மல்லாந்துதான் தூங்கவேண்டும். சின்னவனைத் தூக்குவது, குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் நாலு முதல் ஆறு வாரத்துக்குக் கூடாது. தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் என்றால் முதல் நாலைந்து நாள் வலி இன்னும் அதிகம். யாராவது ஒருவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அம்மாவோ அக்காவோ. அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போகிற சாக்கில் செய்துகொண்டு வருபவர்கள்தான் அதிகம். திரும்பிய பிறகு ‘மார்பில் ஒரு கட்டி எடுத்தார்கள், கனம் தூக்கக் கூடாது’ என்று சொல்லிச் சமாளித்தவர்களும் உண்டு. ஆனால் கட்டி என்று சொன்னால் அதற்கப்புறம் வரும் துக்க விசாரிப்புகளுக்குத் தயாராக இருக்கவேண்டும். இன்னொன்று, இறுக்கமான சர்ஜிக்கல் பிராவை ஆறு வாரம் இரவு பகலாகப் போட்டிருக்க வேண்டும், வியர்வை ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி, தை வசதி. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் வேலை உங்கள் தலையில் விழாத வருடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.